வார்ப்பு மெழுகுவத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டுக் காலத்தில் வேறு வழியின்றி வீட்டில் மெழுகுவத்தி வார்க்கத் தொடங்கியவர்கள், மின்சாரம் ஓரளவு சீரான பின்பும் அந்த வேலையை விட்டுவிடவில்லை என்பது வந்திருக்கும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஒரே பொருளைப் பற்றி வந்தவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: வணக்கம் அம்மா. தீபாவளிக்கு முன்பாக நானும் என் மருமகளும் வீட்டிலேயே அச்சு மெழுகுவத்திகள் செய்து உறவினர்களுக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். இதற்கென்று தனியாகப் பாத்திரமும் அச்சும் வாங்கத்தான் வேண்டுமா? அதிகச் செலவில்லாமல் எப்படித் தொடங்குவது?
– வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: பாத்திரம் ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், சமையலுக்கு அது திரும்பக் கூடாது. மற்றபடி பெரிய செலவில்லை. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் மெழுகுள்ள சிறிய பாத்திரத்தை ஒரு வளையத்தின்மேலோ தட்டின்மேலோ வைத்து உருக்க வேண்டும். மெழுகுப் பாத்திரம் நேராக அடுப்பின்மேல் உட்காரலாகாது. தீச்சுவாலை உள்ள எரிவாயு அடுப்பைவிட மின்தட்டு அடுப்பே இதற்கு ஏற்றது. சமையலறை வெப்பமானி ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும்; கண்ணால் பார்த்து மெழுகின் வெப்பத்தை மதிப்பிட முடியாது.

மெழுகைப் பொறுத்தவரை, கடைகளில் பொட்டலமாக விற்கும் சாதாரண வெள்ளை மெழுகுவத்திகளை உருக்கி, பழைய திரிகளை எடுத்துவிட்டுத் தொடங்கினாலே போதும். கைவினைக் கடைகளில் கட்டியாகவோ மணிகளாகவோ வாங்குவதானால் 56 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும் பாரஃபின் மெழுகு என்று கேளுங்கள். 'பாரஃபின்' என்று மட்டும் சொன்னால் நம் நாட்டில் அடுப்புக்கு ஊற்றும் மண்ணெண்ணெயைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது ஒரு துளிகூட இந்த வேலைக்கு அருகில் வரக் கூடாது என்பதால், வீட்டுப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும்போது 'மெழுகு' என்ற சொல்லை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

முதல் முயற்சிக்குக் காலியான பால் அட்டைப்பெட்டியைவிட நல்ல அச்சு கிடையாது. மெழுகு இறுகியதும் அட்டையைக் கிழித்து எடுத்துவிடலாம். மெல்லிய தயிர்க் கிண்ணங்கள் சூட்டில் சுருங்கிவிடும். வரிவரியாக நெளிவுள்ள தகர டப்பாவிலிருந்து மெழுகுவத்தி வெளியே வராது. அச்சின் அடிப்பகுதிதான் மெழுகுவத்தியின் தலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அடியில் சிறு துளையிட்டுத் திரியை நுழைத்து, வெளிப்பக்கம் முடிச்சிட்டு, ஒட்டும் களிமண்ணால் துளையை நன்றாக அடைக்க வேண்டும். மேல்முனையை ஒரு குச்சியில் கட்டி, அச்சின் வாய்க்குக் குறுக்கே வைத்துத் திரியை விறைப்பாக நிறுத்துங்கள். திரி நடுவிலிருந்து விலகினால், எரியும்போது ஒரு பக்கச் சுவர் முதலில் உருகி விழும்.

எவ்வளவு மெழுகு தேவை என்று அறிய, துளையிடுவதற்கு முன்பே அச்சில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். மெழுகு நீரைவிட இலேசானது என்பதால், 500 மில்லிலிட்டர் தண்ணீர் கொள்ளும் அச்சுக்குச் சுமார் 450 கிராம் மெழுகு போதும். பிறகு அச்சை ஈரம் சிறிதுமின்றிக் காயவைக்க வேண்டும். டர்பனின் புழுக்கத்தில் இதற்குத் துணியால் துடைத்தால் மட்டும் போதாது, வெயிலில் சிறிது நேரம் வையுங்கள். உள்ளே தங்கும் நீர்த்துளி மெழுகுவத்தியில் குழியாகும்; எரியும்போது சடசடவென்று தெறிக்கும்.

கேள்வி: நாங்கள் வார்க்கும் மெழுகுவத்தி ஒவ்வொன்றிலும் திரியைச் சுற்றி ஆழமான குழி விழுகிறது. ஒன்றை இரண்டாக வெட்டிப் பார்த்தபோது உள்ளே குகைபோல் வெற்றிடம் இருந்தது. மெழுகு தரமற்றதா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: மெழுகின்மேல் குற்றமில்லை. பாரஃபின் மெழுகு திரவ நிலையிலிருந்து திட நிலைக்கு வரும்போது பருமனில் கணிசமாகச் சுருங்கும் இயல்புடையது. அச்சின் சுவரை ஒட்டிய மெழுகு முதலில் இறுகி ஓடாகிவிடுகிறது. மேற்பரப்பிலும் ஆடை படர்ந்துவிடுகிறது. நடுவில் இன்னும் திரவமாக இருக்கும் மெழுகு கடைசியில் சுருங்கும்போது அதற்கு ஈடுகொடுக்க வேறெங்கிருந்தும் மெழுகு வர முடிவதில்லை. ஆடை மெல்லியதாக இருந்தால் குழியாக உள்ளிழுக்கப்படும். கெட்டியாக இருந்தால் அப்படியே நின்றுவிட, அடியில் நீங்கள் கண்ட குகை உண்டாகும். மேலே சமமாகத் தோன்றும் மெழுகுவத்திகளை நான் அதிகம் சந்தேகிப்பதற்கு இதுவே காரணம். குழி கண்ணுக்குத் தெரியும், குகை தெரியாது. பாதி எரிந்ததும் உருகிய மெழுகு முழுவதும் திடீரென்று அதற்குள் இறங்கி, திரி ஓங்கி எரிந்து புகையும்.

இதற்கு மருந்து இரண்டாம் வார்ப்பு. முதலில் உருக்கிய மெழுகிலேயே ஒரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியை அச்சின் சுவரோரமாக மெதுவாக ஊற்றுங்கள். அட்டை அச்சானால் 75 டிகிரியும், உலோக அச்சானால் 85 முதல் 90 டிகிரியும் ஏற்றது. சில நிமிடங்கள் கழித்து அச்சின் பக்கங்களை விரலால் தட்டினால் காற்றுக் குமிழ்கள் மேலே வந்துவிடும். மேற்பரப்பில் ஆடை கட்டி, தொட்டால் ரப்பர்போல் அமுங்கும் பதம் வந்தவுடன், மெல்லிய கம்பியால் திரியின் அருகே மூன்று நான்கு இடங்களில் ஆழமாகக் குத்துங்கள். கம்பி இறங்கும்போது உள்ளே திரவம் இருப்பதைக் கை உணரும், துளையின் வழியே சிறிது மெழுகு பொங்கவும் கூடும். துளைகள் மறுபடி மூடிக்கொள்ளும் என்பதால், மெழுகு இறுகி முடியும்வரை அவ்வப்போது திரும்பக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். குழி முழுதாக விழுந்த பிறகு, ஒதுக்கிவைத்த மெழுகை முதல் வார்ப்பைவிட ஐந்து டிகிரி கூடுதலாகச் சூடாக்கி அதில் நிரப்புங்கள். சூடு குறைந்தால் புதிய மெழுகு பழையதோடு சேராமல் தனி அடுக்காக நிற்கும்.

நிரப்பும்போது முதல் வார்ப்பின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால், இறுகிய மெழுகுக்கும் அச்சின் சுவருக்கும் இடையே உண்டாகியிருக்கும் நூலிழை வெளிக்குள் மெழுகு வழிந்திறங்கும். பக்கங்களில் கறை படிவதோடு, மெழுகுவத்தி அச்சை விட்டு வரவும் மறுக்கும். பெரிய உருண்டை வடிவங்களுக்கு மூன்றாம் வார்ப்பும் தேவைப்படலாம். அவசரக்காரர்களுக்கு இந்தக் கைவேலை பொருந்தாது.

கேள்வி: கைவினைப் பொருள் விற்பவர் ஒருவரிடம் வெள்ளை மணிகளாக இருந்த 'கெட்டி மெழுகு' வாங்கி வந்தேன். ஒரு மணி நேரம் கொதிநீரில் வைத்தும் உருகவில்லை. ஏமாற்றப்பட்டேனா?
– வாசகர், லெனேசியா

பதில்: ஏமாற்றமல்ல, பொருள் மாறிவிட்டது. நம் நாட்டில் மெழுகு இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரிப்பது. மற்றொன்று, ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்துச் சாசோல்பர்க் ஆலையில், வாயுக்களிலிருந்து வேதிமுறையில் உருவாக்குவது. ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் 1925-ஆம் ஆண்டில் கண்ட முறை அது. 1955 முதல் அந்த ஆலையில் நிலக்கரியை வாயுவாக்கி அதைச் செய்துவந்தார்கள். 2004-இல் மொசாம்பிக்கிலிருந்து குழாய் வழியே இயற்கை வாயு வரத் தொடங்கிய பின் நிலக்கரியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. இம்முறையில் கிடைக்கும் மெழுகுகளில் மெழுகுவத்திக்கான நடுத்தர வகையும் உண்டு, ஏறத்தாழ 100 டிகிரியில் உருகும் மிகக் கடின வகையும் உண்டு. உங்கள் கைக்கு வந்திருப்பது இரண்டாவதாகவே இருக்க வேண்டும்.

கடல்மட்டத்துக்குச் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் நீரின் சூடு ஏறப்போவதில்லை, ஆகவே அந்த மணிகளும் அசையப்போவதில்லை. அதற்காகப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். சாதாரண மெழுகை உருக்கி, அதில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் இந்த மணிகளைப் போட்டுக் கிளறிவந்தால், சூடான திரவத்தில் அவை மெல்லக் கரைந்துவிடும். மெழுகுவத்திக்கு உறுதியும் பளபளப்பும் கிடைக்கும். வாங்கிய ஒரு பொட்டலம் உங்களுக்குப் பல ஆண்டுகள் வரும்.

குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் ஹைவெல்ட் மேட்டுநிலப் பகுதியில் வார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்ந்த அச்சில் சூடான மெழுகை ஊற்றினால் மேற்பரப்பில் குறுக்குக்கோடுகளும் வெண்புள்ளிகளும் விழும், சில சமயம் விரிசலும் காணும். அச்சை முன்னதாகச் சிறிது சூடாக்கி, ஊற்றிய பின் ஒரு துண்டால் சுற்றி வைத்தால் சீராக ஆறும்.

கேள்வி: குங்குமம், மஞ்சள்தூள், பிள்ளைகளின் வண்ணக் கிரேயான் ஆகியவற்றால் நிறமூட்டலாமா?
– வாசகி, டொங்காட்

பதில்: பார்க்க அழகாக இருக்கும், எரியத்தான் எரியாது. மெழுகுவத்தியில் மெழுகு உருகித் திரியின் இழைகள் வழியே மேலேறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. தூள்களும் கிரேயானில் உள்ள நிறமித் துகள்களும் மெழுகில் கரையாமல் மிதந்து, இழைகளை அடைத்து, சுடரைச் சிறுகச் சிறுக அணைத்துவிடும். சமையல் வண்ணம் நீரில் கரைவது என்பதால் மெழுகோடு சேரவே சேராது. எண்ணெயில் கரையும் மெழுகுச்சாயம் நகக்கண் அளவு போதும். சூடான மெழுகில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் இறுகியதும் வெளிறும் என்பதால், ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: பூஜையறை வாசனை வரவேண்டும் என்று, உருகிய மெழுகில் கர்ப்பூரமும் மல்லிகைத் தலை எண்ணெயும் கலக்க என் அக்கா சொல்கிறார். சரியா?
– வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: கர்ப்பூரத்தை எக்காரணம் கொண்டும் சூடான மெழுகில் போடாதீர்கள் என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். அது சாதாரண அறைவெப்பத்திலேயே ஆவியாவது. அதன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை, நாம் மெழுகு வார்க்கும் வெப்பநிலையைவிடக் குறைவு. அடுப்பருகே அந்த ஆவி பரவினால் பாத்திரமே ஆரத்தித் தட்டாகிவிடும்.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெயால் அத்தகைய ஆபத்து இல்லை என்றாலும் பயனுமில்லை. அதில் பெரும்பகுதி சாதாரண எண்ணெய். மெழுகை இளக்கி, வெளியில் வியர்வைபோல் கசியும், மணம் பேருக்குத்தான் இருக்கும். சாராயம் கலந்த தெளிப்பு வாசனைகளும் உதவா. மெழுகுவத்திக்கென்றே விற்கும் வாசனை எண்ணெயை மெழுகின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்குக்குள், அதாவது 450 கிராமுக்கு அதிகபட்சம் 27 கிராம், எடைபோட்டுச் சேருங்கள். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின், ஊற்றுவதற்குச் சற்று முன்னால் கலந்து கிளறினால் மணம் ஆவியில் போகாது.

கேள்வி: விளக்குக்குப் போடும் பஞ்சுத் திரியையே மெழுகுவத்திக்கும் பயன்படுத்தினேன். சில நிமிடங்களில் நுனியில் கரிக்கட்டி சேர்ந்து, புகை வருகிறது. வேறு சமயம், நடுவில் மட்டும் கிணறுபோல் எரிந்து இறங்கி அணைந்துவிடுகிறது. எங்கே பிழை?
– வாசகர், போர்ட் எலிசபெத்

பதில்: வார்ப்பு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் திரி சரியில்லாத மெழுகுவத்தியை அலமாரியில்தான் வைக்கலாம். எண்ணெய் விளக்கின் திரியை நாம் விரலாலோ தூண்டுகுச்சியாலோ அடிக்கடி தூண்டி, கரியைத் தட்டிவிடுகிறோம். மெழுகுவத்தித் திரிக்கு அந்தப் பணிவிடை கிடையாது. தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும். முறுக்கிய பஞ்சு சுடரின் நடுவே நேராக நிற்கும். அங்கே காற்று எட்டாததால் நுனி எரியாமல் கரியாகத் திரண்டு, குடைபோல் விரியும். தட்டையாகப் பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, நுனியைச் சுடரின் வெளிவிளிம்புக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே காற்றும் சூடும் அதிகம் என்பதால் நுனி சாம்பலாகி உதிர்கிறது. 1825-இல் பிரான்சில் கம்பசேரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவரும்வரை, மெழுகுவத்தி எரியும் வீடுகளில் திரியைக் கத்தரிப்பதற்கென்றே கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள்.

வீட்டில் செய்வதானால், பருத்தி நூலை மூன்று புரியாக இறுகப் பின்னி, ஒன்றரைக் கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரமும் கரைத்து, ஓரிரவு ஊறவைத்து, முழுவதும் காய்ந்த பின் உருகிய மெழுகில் தோய்த்து நேராக இழுத்து ஆறவிடுங்கள். வெண்காரம் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. தேன்மெழுகு வார்ப்பவர்கள் சதுரப் பின்னல் திரியையும், பாரஃபினுக்கு வேண்டியதைவிடப் பருமனானதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிணறு விழுவது திரி மெலிந்ததன் அடையாளம். அதன் சுடரால் விளிம்புவரை மெழுகை உருக்க முடியவில்லை. நெடுஞ்சுடரும் புகையும் திரி தடித்ததன் அடையாளம், அல்லது திரி நீண்டதன் அடையாளம். ஏற்றும்முன் ஒவ்வொரு தடவையும் ஆறு மில்லிமீட்டர் விட்டு மீதியைக் கத்தரியுங்கள். விட்டத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டு, முதன்முறை ஏற்றும்போது அவ்வளவு நேரமாவது தொடர்ந்து எரியவிட்டால் மேற்பரப்பு முழுவதும் உருகி, பிற்பாடு கிணறு விழாது. திரிகளின் எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதால், ஒரே அச்சில் மூன்று வகைத் திரிகளைப் போட்டு வார்த்து, எரித்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் ஊரின் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் திரியின்மேல் வீண்பழி விழும்.

கேள்வி: அச்சிலிருந்து மெழுகுவத்தி கழல மறுக்கிறது. உறைபெட்டியில் வைக்கலாமா?
– வாசகி, வெருலம்

பதில்: உறைபெட்டி வேண்டாம், விரிசல் விழும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் கால்மணி நேரம் வைத்தால் மெழுகு மேலும் சுருங்கிக் கழன்றுவரும். அடியிலுள்ள களிமண்ணையும் முடிச்சையும் நீக்கினீர்களா என்றும் பாருங்கள். பலர் அதை மறந்துவிட்டு அச்சோடு மல்லுக்கட்டுகிறார்கள். அடுத்த முறை மெழுகின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஸ்டியரின் (கொழுப்பிலிருந்து எடுக்கும் கெட்டியான வெண்பொருள்) சேர்த்தால் எளிதில் கழலும். மெழுகுவத்தி கெட்டியாகவும் வெண்மையாகவும் அமையும். ரப்பர் அச்சுகளை ஸ்டியரின் அரித்துவிடும் என்பதால் அங்கே மட்டும் தவிர்த்துவிடுங்கள். தேன்மெழுகு இயல்பாகவே பிசுபிசுப்பானது. வார்க்கும்முன் அச்சின் உட்புறத்தில் சமையல் எண்ணெயை விரலால் மிக மெல்லியதாகப் பூசவும்.

கேள்வி: கார்த்திகைக்கு ஜன்னலில் வைத்த என் மெழுகுவத்திகள் ஏற்றுவதற்கு முன்பே வளைந்து சாய்ந்துவிட்டன. அகல் விளக்குக்குப் பதிலாக இப்படி மெழுகுவத்தி வைப்பது முறையா என்றும் மாமியார் கேட்கிறார். நெய்யை அச்சில் வார்க்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: கார்த்திகை நமக்குக் கோடையில் வருகிறது, அதிலும் வடக்கு நோக்கிய ஜன்னலில் பகல் முழுவதும் வெயில் விழும். 50 டிகிரிக்குக் கீழே உருகும் மென்மெழுகு அங்கே நிமிர்ந்து நிற்காது. சோயா மெழுகில் கண்ணாடிக் குவளைக்கென்று விற்கும் வகையும் அப்படிப்பட்டதே. 58 முதல் 60 டிகிரி வகையுடன் ஸ்டியரின் சேர்த்து வார்த்து, மாலையில் மட்டும் எடுத்து வையுங்கள். திரைச்சீலை உள்ள ஜன்னலில் வைக்கவே வேண்டாம்.

முறையைப் பற்றிக் கேட்டால், சுவாமிக்கு முன்னால் அகலும் எண்ணெயும் இருக்கட்டும், தாழ்வாரத்திலும் மதில்மேலும் மெழுகுவத்தி இருக்கட்டும் என்பதே என் கருத்து. உங்கள் மாமியார் வேறாகச் சொன்னால் வீட்டில் அவர் சொல்லே செல்லும். நெய்யைச் சிறு அச்சுகளில் திரியோடு உறையவைக்கலாம், ஆனால் டர்பன் கோடையில் அது வெளியே எடுத்த சிறிது நேரத்திலேயே இளகும். ஏற்றும்வரை குளிர்பெட்டியில் வைத்திருந்து, எடுத்தவுடன் அகலில் வைத்து ஏற்ற வேண்டும்.

கேள்வி: உருக்கும்போது மெழுகு தீப்பற்றினால் என்ன செய்வது? மிச்ச மெழுகைத் தொட்டியில் ஊற்றலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: மெழுகிலிருந்து புகை வரத் தொடங்கினாலே சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள், உடனே அடுப்பை அணையுங்கள். தீப்பற்றிவிட்டால் பாத்திரத்தைத் தூக்காமல், பொருத்தமான மூடியால் மூடி, அடுப்பை அணைத்து, முழுவதும் ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். ஆகவே மூடியை முதலிலேயே கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டுதான் உருக்கத் தொடங்க வேண்டும். தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்: அது எரியும் மெழுகுக்கு அடியில் இறங்கி, நொடியில் நீராவியாகப் பொங்கி, தீயைக் கூரைவரை வீசி எறியும். கீழே உள்ள பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் இந்த நிலை வருவதற்கு இடமே இராது. தொலைபேசி மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் எடுங்கள்.

தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். வெளிப் பாத்திரத்தில் உள்ள நீரையும் அங்கே ஊற்றாமல் ஆறவிடுங்கள். அதன்மேல் மிதக்கும் மெழுகுத் துணுக்குகளை அள்ளிய பிறகு நீரைத் தோட்டத்தில் கொட்டலாம். மெழுகுப் பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே காகிதத்தால் துடைத்துவிடுங்கள். மிஞ்சிய மெழுகை எண்ணெய் தடவிய கிண்ணத்தில் ஊற்றி வில்லையாக்கி அடுத்த வார்ப்புக்கு எடுத்து வைக்கலாம். எல்லா நிறங்களையும் ஒன்றாக உருக்கினால் பழுப்பு நிறமே மிஞ்சும் என்பதால், வில்லைகளை நிறவாரியாகப் பிரித்து, எந்த வகை மெழுகு என்று எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.